நகம் மூச்சு விடுவதில்லை

செயற்கை நகத்தைப் பற்றி இங்கே கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான். ஜெல், அக்ரிலிக், எக்ஸ்டென்ஷன் என்று எதைப் போட்டாலும் அடியில் இருக்கும் சொந்த நகம் காற்றுப் படாமல் மூச்சுமுட்டி மெலிந்துபோகும். அதனால் இரண்டு மூன்று தடவை போட்டால் ஒரு தடவை விட்டுப் பிடித்து, நகத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து, மூச்சு விடச் செய்ய வேண்டும். அம்மாக்கள் இதைச் சொல்கிறார்கள். அழகுக் குறிப்புப் பக்கங்கள் சொல்கின்றன. கல்யாணப் பெண்ணுக்கு நகம் போட்டுவிடும் பார்லர்காரர்களே சொல்கிறார்கள்.

இந்தக் கருத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அது கண்ணால் கண்டதிலிருந்து பிறந்தது. கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் ஜெல்லை எடுத்த பெண்ணின் விரலைப் பாருங்கள். நகம் காகிதம்போல வளைகிறது. மேலே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வெந்நீர் பட்டால் சுரீரென்கிறது. போடுவதற்கு முன்னால் நன்றாக இருந்த நகம் எடுத்தபின் இப்படி ஆனால், போட்டதுதான் கெடுத்தது என்று யாருக்கும் தோன்றும். தோல் மருத்துவர்களில் பலரும் ஜெல்லை விசேஷ நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

கேடு உண்மை. சொல்லப்படும் காரணம் தவறு. காரணம் தவறிப்போனதால் பரிகாரமும் தவறிப்போகிறது. ஒரு மாதம் நகத்தைச் சும்மா விட்டுவிட்டு, அந்தப் பெண் திரும்ப அதே நாற்காலியில், அதே மெஷினுக்கு, அதே அவசரத்துக்கு விரலை நீட்டுகிறாள். என் மறுப்புகளை வரிசையாக வைக்கிறேன்.

1. நகம் எதைக் கொண்டு மூச்சு விடும்? நாம் பாலிஷ் பூசும் பகுதி உயிரற்றது. கெராட்டின் என்ற புரதம் நிறைந்த, செத்துத் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக ஒட்டி உருவான தகடு அது. கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நகத்தை உண்டாக்கும் உயிருள்ள இடம் விரல் தோலின் மடிப்புக்கு அடியில் இருக்கிறது. சிலருக்குக் கட்டைவிரலில் தெரியும் வெள்ளைப் பிறை அதன் வெளியே தெரியும் ஓரம். அந்த இடத்துக்கு வேண்டிய ஆக்சிஜனும் சத்தும் ரத்தத்தின் வழியாக வருகின்றன. வெளிக்காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் உறுப்பு உடம்பில் இல்லாமலில்லை. கண்ணின் கருவிழிப் படலம் அப்படிப்பட்டது. அதனால்தான் காண்டாக்ட் லென்ஸைப் போட்டபடியே தூங்கக் கூடாது என்கிறார்கள். நகத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. அதன் மேல் ஒரு பூச்சு இருக்கிறதா இல்லையா என்பது நகத்தை உண்டாக்கும் இடத்துக்குத் தெரியவே தெரியாது.

நகத்துக்குள் புகுவதும் வெளியேறுவதும் தண்ணீர். பாத்திரம் தேய்க்கும்போது நகம் ஊறுகிறது, துடைத்ததும் காய்கிறது. ஒரு நாளில் பல தடவை இப்படி ஊறிக் காய்வதால்தான் நுனி ஏடு ஏடாகப் பிரிகிறது. ஒழுங்காக ஒட்டியிருக்கும் பூச்சு இந்த ஊறலையும் காய்தலையும் குறைக்கும். மூச்சுக் கோட்பாட்டை நம்புகிறவர் நகத்துக்கு எதிரி என்று நினைக்கும் மூடாக்கு, இந்த ஒரு விஷயத்தில் நகத்துக்குத் துணை.

2. நகத்தைத் தின்றது ஜெல்லா, ஃபைலா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் ஆத்திரமே. செயற்கை நகம் போடுவதில் மூன்று கட்டங்கள் உண்டு: தயார் செய்வது, போடுவது, எடுப்பது. நடுவில் உள்ள கட்டத்தில் நகத்தின் கனம் குறைவதற்கு வழியில்லை. அங்கே நகத்தின் மேல் பொருள் சேர்கிறது. கனம் குறைவது முதலிலும் கடைசியிலும்தான்.

முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு பிடிப்பதற்கு நகத்தின் மேலுள்ள பளபளப்பும் எண்ணெய்ப் பசையும் போனால் போதும். 180 அல்லது 240 கிரிட் ஃபைலால் மெல்ல நாலு இழுப்பு இழுத்தால் அது போய்விடும். நடப்பது என்ன? அக்ரிலிக்கைச் செதுக்க வைத்திருக்கும் சொரசொரப்பான பிட்டையே டிரில் மெஷினில் மாட்டி, சொந்த நகத்தின் மேல் ஓட்டுகிறார்கள். "சுடுதே" என்று வாடிக்கையாளர் விரலை இழுத்துக்கொள்கிறார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க மேடம், முடிஞ்சுது" என்று பதில் வருகிறது. அந்தச் சூட்டுக்கு அர்த்தம் உண்டு. தகட்டை மிகவும் தேய்த்துவிட்டார்கள், உரசும் வெப்பம் அடியிலுள்ள சதையை எட்டிவிட்டது என்று அர்த்தம். ஒரே இடத்தில் மெஷினை அழுத்திப் பிடித்தால் நகத்தின் அடிப்பக்கம் சிவப்பாகப் பிறை வடிவில் ஒரு கோடு விழும். நகம் வளர வளர அந்தக் கோடும் நகர்ந்துகொண்டே நுனிக்கு வரும். நகம் வளர்ந்த இடைவெளியை நிரப்பும் ஒவ்வொரு ரீஃபிலுக்கும் ஒரு கோடு என்று வரிசையாகக் கோடுகள் தெரியும் விரல்களும் உண்டு. எந்த ஜெல்லும் இப்படிப் பிறை போட்டுக் கடிக்காது. அது மெஷின் பிட்டின் தடம்.

இனிக் கடைசிக் கட்டம். இங்கேதான் பெரும்பாலான நகங்கள் அழிகின்றன. முறையாக எடுப்பது எப்படி? மேலுள்ள பளபளப்புப் பூச்சை மட்டும் ஃபைலால் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, விரல் நுனியை அலுமினியம் ஃபாயிலால் சுற்றிக் காத்திருக்க வேண்டும். ஜெல் பாலிஷுக்கு 10 முதல் 15 நிமிடம். அக்ரிலிக்குக்கு அரை மணிக்கும் மேல். பிரித்துப் பார்த்தால் பூச்சு தானே பொருக்குப் பொருக்காக எழும்பி நிற்கும். மரக்குச்சியால் லேசாகத் தள்ளினால் வரும். வராத இடத்தில் மறுபடி பஞ்சை வைத்துச் சுற்ற வேண்டும். இந்த "மறுபடி"தான் நடப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் ஃபாயிலைக் கழற்றி, இரும்புத் தள்ளியின் முனையை ஓரத்தில் செருகி நெம்புகிறார்கள். பட்டென்று ஒரு துண்டு வருகிறது. அடுத்த முறை அந்தத் துண்டைக் கீழே போடவிடாமல் வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். ஜெல்லோடு சேர்ந்து உரிந்து வந்த உங்கள் நகத்தின் மேலடுக்கு அது. விரலில் மிஞ்சியிருக்கும் வெள்ளைத் திட்டுகள் அந்த அடுக்குகள் பிய்ந்த இடங்கள். டிவி பார்த்துக்கொண்டே பல்லாலும் நகத்தாலும் ஜெல்லை உரித்துப் போடுகிறவர்களும் இதே வேலையைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

எதிர்த் தரப்பின் வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. 2012இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, ஜெல் பாலிஷுக்குப் பின் நகம் மெலிந்து பலவீனமானதாகச் சொன்ன ஐந்து பேரைப் பற்றியது. அவர்களில் ஒருவருடைய நகத்தை முன்னும் பின்னும் அல்ட்ராசவுண்டால் அளந்தபோது கனம் குறைந்திருந்தது. ஆனால் மெலிவுக்குக் காரணம் பூச்சில் உள்ள ரசாயனமா, எடுக்கப் பயன்படும் அசிட்டோனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். நகம் மூச்சுமுட்டியது என்பதற்கு அதில் ஒரு வரி ஆதாரமும் இல்லை. அசிட்டோன் நகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் இழுத்துவிடும், நகம் வறண்டு வெளுக்கும், அதில் சந்தேகமில்லை. கெராட்டினை அது கரைப்பதில்லை. ஒரு வாரம் இரவில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவினால் அந்த வறட்சி சரியாகிவிடும். பிய்ந்துபோன அடுக்கை எந்த எண்ணெயும் திரும்ப ஒட்டவைக்காது.

3. ஓய்வு கொடுத்தால் எது ஆறுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால் அடியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் புது நகம் வந்திருக்கும். மெலிந்த பகுதி முழுதும் அப்படியேதான் இருக்கும். செத்த செல்கள் ஆறுவதற்கில்லை. முழு நகமும் புதிதாக மாற நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும். இரண்டு வார ஓய்வு நகத்துக்கு எதுவும் செய்வதில்லை. ஆறு மாத ஓய்வு பலன் தரும். ஆனால் அந்தப் பலன் காற்றுப் பட்டதால் வந்ததல்ல. கெட்டது வளர்ந்து நுனிக்கு வந்து வெட்டப்பட்டதாலும், இடையில் யாரும் மெஷின் வைக்காததாலும் வந்தது.

ஓய்வோடு சேர்த்து பயோட்டின் மாத்திரையைப் பரிந்துரைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. ஃபைல் தேய்த்ததை மாத்திரை எப்படி நிரப்பும்? தவிர, அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பிசகச் செய்யும் என்றும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையும் அதில் அடங்கும் என்றும் அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்திருக்கிறது.

ஓய்வு உண்மையிலேயே வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. நகம் அடியிலுள்ள சதையிலிருந்து பிரிந்து வெள்ளையாகத் தெரிந்தால், தொற்று இருந்தால், நகத்தைச் சுற்றி அரித்துச் சிவந்தால், ஏற்கெனவே மிகவும் மெலிந்து அழுத்தினால் வலித்தால் எதையும் போடக் கூடாது. அது நாட்காட்டி பார்த்துக் கொடுக்கும் ஓய்வல்ல, விரலைப் பார்த்துக் கொடுக்கும் ஓய்வு.

4. பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு எதற்குப் பயப்படுகிறோம்? மூச்சுக் கோட்பாடு செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான். பெண்களின் அச்சம் முழுவதையும் இல்லாத ஆபத்தின் மேல் திருப்பிவிட்டு, இருக்கிற ஆபத்தைக் கண்ணில் படாமல் செய்கிறது.

அக்ரிலேட் ஒவ்வாமையைச் சொல்கிறேன். ஜெல்லும் அக்ரிலிக்கும் பூசும்போது அக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகளாக இருக்கின்றன. விளக்கொளியிலோ வினையூக்கியாலோ அவை சங்கிலியாகக் கோத்துக் கெட்டிப்படுகின்றன. கெட்டிப்பட்டபின் பெரும்பாலும் தொல்லையில்லை. கெட்டிப்படாதது தோலில் பட்டால்தான் வினை. பூச்சு ஓரத்தில் வழிந்து சதையில் படுவது, ஒரு நிறுவனத்தின் ஜெல்லை வேறொரு விளக்கில் காட்டுவதால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருப்பது, அந்த அரைகுறைத் தூள் ஃபைல் செய்யும்போது கையெல்லாம் படிவது: இவைதான் வழிகள். திரும்பத் திரும்பப் பட்டால் ஒரு நாள் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். நகத்தைச் சுற்றி அரிப்பு, விரல் நுனியில் சிறு கொப்புளங்கள், விரல் போய்த் தொடும் கண்ணிமையில் தடிப்பு என்று தொடங்கும். அப்படி ஒரு முறை வந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுளுக்கும் போகாது.

நகத்தோடு முடிகிற விஷயமும் அல்ல இது. அக்ரிலிக் நகமே பல் மருத்துவத்திலிருந்து வந்தது. 1954இல் ஃபிரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் உடைந்த தன் நகத்துக்குப் பல் கட்டும் பொருளைக் கொண்டு ஒட்டுப் போட்டதுதான் ஆரம்பம். இதே ரசாயனக் குடும்பம் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எலும்பைப் பிணைக்கும் சிமென்ட்டிலும், சர்க்கரை நோயாளிகள் தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரின் பசையிலும் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்ட ஒவ்வாமை அறுபது வயதில் மூட்டு மாற்றும்போது குறுக்கே வரலாம். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2012ஆம் ஆண்டுக்கான ஒவ்வாமைப் பொருளாக அக்ரிலேட்டைத்தான் அறிவித்தது. ஹெமா என்ற அக்ரிலேட் வகைப் பொருள் கலந்த நகப் பூச்சுகளைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி செய்தது. அதற்கெல்லாம் காரணம் நகத்துக்குக் காற்றுப் படாதது அல்ல. இதில் முதலில் பலியாகிறவர்களும் வாடிக்கையாளர்கள் அல்லர்; நாள் முழுக்க அந்தப் பொருளைக் கையாளும் பார்லர் பெண்கள். சாதாரணக் கையுறையைத் தாண்டி அக்ரிலேட் நிமிடக் கணக்கில் உள்ளே போய்விடும் என்பதைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

மலிவு அக்ரிலிக்கில் சேர்க்கப்படும் எம்எம்ஏ என்ற ரசாயனம் இன்னோர் ஆபத்து. நகம் கெட்டு உருக்குலைந்ததாகப் புகார்கள் குவிந்து, எஃப்டிஏ 1970களிலேயே நீதிமன்றம் வரை போய் முழு எம்எம்ஏ கலவைகளைச் சந்தையிலிருந்து எடுக்க வைத்தது. அது அளவுக்கு மீறிக் கெட்டியாகும், அசிட்டோனில் லேசில் ஊறாது. கார்க் கதவில் விரல் இடித்தால் செயற்கை நகம் உடைந்து தப்பிக்கவிடாமல் சொந்த நகத்தை அடியோடு பெயர்த்துக்கொண்டு வரும். மூக்கைத் துளைக்கும் நெடியும், ஊறவே ஊறாத கடினமும் அதன் அடையாளங்கள்.

நகத்துக்கும் பூச்சுக்கும் இடையே தெரியும் பச்சைத் திட்டை மூச்சுமுட்டியதற்குச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூச்சு ஓரத்தில் எழும்பிய இடைவெளியில் ஈரம் தங்கி சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்வதால் வருவது அது. நன்றாக ஒட்டியிருந்த இடத்தில் வராது. எழும்பியதைக் கவனிக்காமல் ஐந்து வாரம் ஓட்டுவதும், எழும்பியதன் மேலேயே இன்னொரு பூச்சைப் பூசி மூடுவதும்தான் அதை வரவழைக்கின்றன.

ஜெல்லைக் கெட்டிப்படுத்தும் விளக்கின் புறஊதாக் கதிர் குறித்த கவலையும் இந்த மூச்சுப் பயத்தோடு கலந்துபோகிறது. 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள், 20 நிமிடம் இந்தக் கதிர் பட்டதும் ஆய்வகச் செல்களில் 20 முதல் 30 சதவீதம் செத்ததாகக் கண்டார்கள். அது தோலுக்கான எச்சரிக்கை. விரல் நுனி வெட்டிய கையுறையோ சன்ஸ்க்ரீனோ போட்டுக்கொண்டால் அதற்குப் பதில் சொன்னதாகும். நகத்தைச் சும்மா விடுவது அதற்குப் பதிலாகாது.

5. வீட்டிலேயே போட்டுக்கொண்டால் பத்திரமா? பார்லரில் கெடுக்கிறார்கள் என்று நொந்து, ஆன்லைனில் விளக்கோடு கிட் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மெஷின் ஆபத்து குறையும், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் கூடும். வலக்கைக்கு இடக்கையால் பூசும்போது சதையில் வழியாமல் இருக்காது. கிட்டில் வரும் சிறு விளக்கு எந்த ஜெல்லுக்கானது என்று பெட்டியில் தெளிவாக இருக்காது. எடுக்கும்போது பொறுமை இருக்காது. பழகிய கை இல்லாதவர் இதைத் தொடாமலிருப்பதே நல்லது.

6. பழி யார் மேல் விழ வேண்டும்? "நகத்துக்கு மூச்சு விட நேரம் கொடுங்க அக்கா" என்று பார்லரில் சொல்லும்போது, கேடு பொருளின் இயல்பாகிவிடுகிறது, மெலிந்த நகம் அந்தப் பெண்ணின் ஆசைக்குக் கிடைத்த கூலியாகிவிடுகிறது. தேய்த்த கையும் நெம்பிய கையும் பேச்சிலேயே வருவதில்லை. அந்தக் கையை மட்டும் குற்றம் சொல்லவும் நான் தயாரில்லை. முகூர்த்த மாதத்தில் ஒரு பெண் ஒரு நாளில் எத்தனை பேரை முடிக்கிறாள் என்பதை வைத்துத்தான் அவளுடைய இன்சென்டிவ் இருக்கிறது. புதிதாகப் போடுவதற்கு ஆயிரக்கணக்கில் விலை போடும் கடைகள் பல, ரிமூவலை இலவசமாகவோ பேருக்கு ஒரு தொகைக்கோ தருகின்றன. இலவசமாகச் செய்யும் வேலைக்கு எந்த முதலாளி முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்? நெம்புவது அந்த விலைப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறது.

ஆகவே சண்டையை அங்கே போடுங்கள். சுட்டால் பொறுத்துக்கொள்ளாமல் கையை இழுத்து, மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். நகத்தடித் தோலை வெட்ட வந்தால் செத்த தோலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். உயிருள்ள மடிப்பை வெட்டினால் தொற்றுக்குக் கதவு திறந்தாகிவிட்டது. நெம்பத் தொடங்கினால் மறுபடி ஃபாயில் சுற்றச் சொல்லுங்கள். பாதியில் ஓரம் எழும்பி, கடைக்குப் போக முடியாவிட்டால் உரிக்காதீர்கள். நகத்தைக் குட்டையாக வெட்டி, எழும்பிய ஓரத்தை மட்டும் ஃபைலால் தேய்த்து விடுங்கள். புக் செய்ய போனை எடுக்கும்போதே, போட எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், எடுக்க எவ்வளவு நேரம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். பத்து நிமிஷம் என்றால் வேறு கடை பாருங்கள். முக்கால் மணி நேரம், அதற்குத் தனிக் கட்டணம் என்றால், பேரம் பேசாமல் அந்தப் பணத்தைக் கொடுங்கள்.